முதல் வில் வாங்கும் முன்: கடலூர், புதுச்சேரியில் வில்வித்தை தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது வில்வித்தை கற்க வேண்டும் என்று கேட்டாள். நான் பயிற்சியாளரைத் தேடுவதற்குப் பதிலாகக் கைப்பேசியில் வில்லைத் தேடினேன். இரண்டு வாரங்களில் 16,500 ரூபாய்க்கு ஒரு வில்லும், 4,200 ரூபாய்க்கு 12 அம்புகளும், 2,100 ரூபாய்க்குச் சில அம்பு முனைகளும், 2,200 ரூபாய்க்கு ஓர் அம்பறாத்தூணியும் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மொத்தம் 25,000 ரூபாய். அவற்றில் ஒன்றைக்கூட அவளால் பயன்படுத்த முடியவில்லை. வில்லை இரண்டு கையாலும் பிடித்து, பாதி தூரம்கூட நாணை இழுக்க முடியாமல், "இழுக்கவே முடியலப்பா" என்று அவள் சொன்னபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது.

அதன்பின் ஓராண்டு காலம் விசாரித்தும் அலைந்தும் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். குழந்தைகளுக்காக வாங்கும் பெற்றோருக்கும், இருபது முப்பது வயதில் புதிதாகத் தொடங்குவோருக்கும் இது பொருந்தும். போட்டிகளில் பல ஆண்டுகள் ஆடியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

1. வேட்டைக்கான கருவிகளை வாங்கிவிடாதீர்கள்

இணையத்தில் வில் குறித்த காணொளிகளைத் தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க வேட்டைக்காரர்கள் எடுத்தவை. அங்கே மாநில அரசுகள் உரிமம் வழங்கி, மான் வேட்டைக்கென்று பருவமும் குறிக்கின்றன. ஆகவே அவர்கள் பரிந்துரைக்கும், இழுக்க 60, 70 பவுண்டு விசை தேவைப்படும் வில்லும், கூரிய தகடுகள் பொருத்திய முனையும், இலைநிற உறையும் அவர்கள் செய்யும் வேலைக்குப் பொருத்தமானவை. நம் நாட்டில் அந்த வேலையே கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கொன்றால்தான் குற்றம் என்பதில்லை, கொல்ல முயன்றாலே அது வேட்டை என்றுதான் அந்தச் சட்டம் வரையறுக்கிறது. பயன்படுத்திய கருவியையும் வாகனத்தையும் பறிமுதல் செய்யவும் அதில் இடம் உண்டு. பண்ருட்டிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தோட்டத்துக்குள் பன்றி வருகிறது, அதை விரட்ட ஒரு வில் இருந்தால் என்ன என்று என்னிடம் கேட்டார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்: அதற்கு வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் வழி, வில்லை எடுக்காதீர்கள்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், வேட்டைக் கருவிகள் பயிற்சிக்கு உதவாமல் போவதற்குத் தனித்தனிக் காரணங்கள் உள்ளன. தகடு வைத்த முனை இலக்குப் பலகையை அறுத்துவிடும் என்பதால் எந்தப் பயிற்சித் திடலிலும் அதை அனுமதிக்க மாட்டார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அது கிடப்பதும் ஆபத்து. வேட்டைக்கான ரிகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்த, கப்பி இல்லாத வில்), புதருக்குள் தடையின்றித் திரும்ப வேண்டும் என்பதற்காக 60 அங்குல அளவில் குட்டையாகச் செய்யப்படுகிறது. குட்டை வில்லை முழுவதும் இழுக்கும்போது நாண் கூர்மையான கோணத்தில் மடிந்து விரல்களை நெருக்கிப் பிடிக்கும்.

காணொளி பார்ப்பவர்களை எளிதில் ஏமாற்றும் இன்னொரு விஷயம் காம்பவுண்ட் வில்லின் கப்பி அமைப்பு. 70 பவுண்டு காம்பவுண்ட் வில்லை ஒருவர் முழுவதும் இழுத்து நிறுத்திக்கொண்டு நிதானமாகப் பேசுவதைப் பார்த்தால், நமக்கு 40 பவுண்டு எளிதாகத்தான் இருக்கும் என்று தோன்றும். அந்தக் கப்பிகளால் முழு இழுப்பில் 80 சதவீதம் எடை குறையும்படி அமைத்த வில்லானால், அப்போது அவர் கையில் இருப்பது 14 பவுண்டு மட்டுமே. ரிகர்வ் வில்லிலும் மூங்கில் வில்லிலும் அந்தச் சலுகை கிடையாது. இழுக்க இழுக்க எடை கூடிக்கொண்டேதான் போகும். நான் 40 பவுண்டு ரிகர்வ் வில்லைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்த வேறுபாடு தெரியாததுதான்.

2. முதல் மாதம் இரவல் வில்லில் எய்யுங்கள்

கடலூரில் இருப்பவர்கள் அண்ணா விளையாட்டு அரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும், புதுச்சேரியில் இருப்பவர்கள் உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கத்திலும் நேரில் சென்று, தற்போது வில்வித்தை யார், எங்கே, எந்த நேரத்தில் கற்றுத் தருகிறார்கள் என்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்பதைவிட நேரில் போவது நல்லது. பயிற்சி நடக்கும் இடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. தனியார் பள்ளிகளின் மைதானங்களில் காலை வேளையில் மட்டும் நடக்கும் வகுப்புகளைப் பற்றிய செய்தி, அரங்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் எனக்குக் கிடைத்தது.

சேரும்போது பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். வயதுப் பிரிவுகள் அனைத்தும் பிறந்த தேதியை வைத்தே என்பதால், பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் தேதியோ பெயரின் எழுத்தோ வேறுபட்டால் அதை இப்போதே திருத்திவிடுங்கள். என் மகளின் ஆதாரில் தலைப்பெழுத்து பின்னாலும், சான்றிதழில் முன்னாலும் இருந்தது. அதைச் சரிசெய்து முடிக்க எங்களுக்கு ஐந்து வாரங்கள் ஆயின. அதற்குள் ஒரு போட்டிக்கான பெயர்ப்பதிவு முடிந்துவிட்டது.

நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலூர் தமிழ்நாடு, ஆல்பேட்டையைக் கடந்து பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரி. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் வீடு, கடலூரில் பள்ளி, புதுச்சேரியில் பயிற்சி என்று இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. எங்கே பயிற்சி எடுத்தாலும் தவறில்லை. எந்த மாநிலத்தின் சார்பில் பதிவு செய்வது என்பதை மட்டும் முதல் போட்டிக்கு முன்பே பயிற்சியாளரிடம் கேட்டு, ஆவணங்களில் உள்ள முகவரியோடு ஒத்துப்போகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பெயர் கொடுத்து வைத்துப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

தொடங்குவதற்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே நல்லது. கோடை முகாம்களில் கூட்டம் அதிகம். ஒரு வில்லுக்குப் பலர் வரிசையில் நிற்பார்கள். அக்டோபரில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையில் பாதி வகுப்புகள் நின்றுபோகும்.

3. கண்ணையும் கையையும் அளந்துகொள்ளுங்கள்

வில்லை வலக்கை வில், இடக்கை வில் என்று பிரித்து விற்கிறார்கள். வலக்கை வில் என்றால் வலக்கையால் நாணை இழுத்து, இடக்கையால் வில்லைப் பிடிப்பது. எழுதும் கையை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை வெளிப்புறம் திருப்பி, கட்டைவிரல்களுக்கு நடுவே சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே சுவரில் உள்ள ஒரு கடிகாரத்தைப் பாருங்கள். இரு கண்களும் திறந்திருக்கட்டும். பிறகு இடக்கண்ணை மூடுங்கள். கடிகாரம் அதே இடத்தில் இருந்தால் உங்கள் வலக்கண் ஓங்கிய கண். விலகி மறைந்தால் இடக்கண். வலக்கை எழுத்தும் இடக்கண் ஓங்கலும் சேர்ந்து வருவது அபூர்வம் அல்ல. அப்படி இருந்தால், எந்த வில் என்பதைப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.

அடுத்தது இழுப்பு நீளம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிடைத்துவிடும். என் மகளுக்கு 152 சென்டிமீட்டர் வந்தது. வகுத்தால் ஏறத்தாழ 61 சென்டிமீட்டர், அதாவது 24 அங்குலம். இது தொடக்கக் கணக்குதான். ஒரு மாதம் எய்து, இழுக்கும் கை தாடையில் நிற்கும் இடம் நிலைப்பட்ட பிறகு, லேசான வில்லில் நீண்ட அம்பை வைத்து இழுத்து, அம்பின் மீது அடையாளமிட்டு அளந்தால்தான் சரியான அளவு கிடைக்கும். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும்.

4. பவுண்டு: பெரும்பாலோர் தவறும் இடம்

வில்லை இழுக்கத் தேவைப்படும் விசையைப் பவுண்டில் சொல்கிறார்கள். ரிகர்வ் வில்லின் லிம்பில் (கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள வளையும் பகுதி) 20 என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுக்கும்போது அது 20 பவுண்டு என்று பொருள். ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 1 முதல் 2 பவுண்டு வரை குறையும். 24 அங்குலம் மட்டுமே இழுக்கும் குழந்தையின் கையில் அதே வில் 12 முதல் 16 பவுண்டு அளவில்தான் இருக்கும். 30 அங்குலம் இழுக்கும் உயரமானவருக்கு 22 முதல் 24 பவுண்டு ஆகிவிடும். விற்பனையாளரிடம் பேசும்போது இரண்டு எண்களையும் தனித்தனியே சொல்லுங்கள்: லிம்பில் எழுதியுள்ள எண் எவ்வளவு, என் இழுப்பு நீளத்தில் கைக்கு வருவது எவ்வளவு.

பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு லிம்பில் 14 முதல் 18, வளர்ந்த பெண்களுக்கு 18 முதல் 22, ஆண்களுக்கு 20 முதல் 26 என்பது தொடக்கத்துக்குப் போதுமானது. உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கும் இளைஞர்களும் இந்த எல்லையை மீற வேண்டாம். வில்லை இழுக்கும் முதுகுத் தசைகளை அன்றாட வாழ்க்கையில் நாம் அப்படிப் பயன்படுத்துவதில்லை. அவை பழகும் முன் எடையைக் கூட்டினால் தோளும் முழங்கையும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு வலிக்கத் தொடங்கும்.

வில் கனமாக இருக்கிறதா என்பதை எய்பவரிடம் கேட்டு அறிய முடியாது. பிள்ளைகள், அதுவும் ஆசையோடு வந்த பிள்ளைகள், கனமில்லை என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். என் மகள் இரவல் வாங்கிய 24 பவுண்டு வில்லை இழுத்தபோது அவளுடைய இடத்தோள் காதை நோக்கி மேலே ஏறியது, இடுப்பிலிருந்து உடல் பின்னால் சாய்ந்தது, வில்லை முதலில் வானத்தை நோக்கித் தூக்கி, பிறகு கீழே இறக்கிக்கொண்டே இழுத்தாள், முழு இழுப்புக்கு வந்த கணமே நாணை விட்டுவிட்டாள். இந்த நான்கில் எது தெரிந்தாலும் வில் கனம். அதே நாளில் அவள் கையில் 16 பவுண்டு லிம்பைப் பொருத்திக் கொடுத்தார்கள். தோள் இறங்கி, உடல் நிமிர்ந்து, நாண் தாடைக்கு வந்து நின்றது. மூன்று விநாடிகள் அப்படியே நின்றாள். பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "சார், பாப்பாவுக்கு இது போதும், ஆறு மாசத்துக்கு வேற எதையும் வாங்காதீங்க" என்றார்.

முழு இழுப்பில் அசையாமல் 30 விநாடிகள் நிறுத்தி, ஒரு நிமிடம் இளைப்பாறி, இப்படி நான்கைந்து முறை தளர்வின்றிச் செய்ய முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அடுத்த படி என்பது 2 பவுண்டு. நன்றாகப் பழகியவர்களுக்கு 4. தொடக்கத்திலேயே கனமாக வாங்கிவிட்டால் காசு மிச்சம், பிறகு பழகிக்கொள்ளலாம் என்ற கணக்கு எல்லோர் மனத்திலும் ஓடுகிறது, என் மனத்திலும் ஓடியது. அந்தக் கணக்கில் வாங்கிய வில்லோடு கற்கும் தவறான நிலையைத் திருத்த ஆகும் காலம், புதிய லிம்பின் விலையைவிட அதிகம்.

5. வில்லைத் தேர்ந்தெடுத்தல்

புதியவருக்கு முன்னால் மூன்று வழிகள் உள்ளன.

மூங்கில் வில்: இந்தியன் ரவுண்டு என்ற பிரிவில் இதைப் பயன்படுத்துகிறார்கள். 50 மீட்டரும் 30 மீட்டரும் எய்யும் இந்தப் பிரிவில் குறிபார்க்கும் கருவியோ, அதிர்வைத் தாங்கும் கோல்களோ கிடையாது. நான் விசாரித்தபோது வில் 3,000 ரூபாய் அளவில் தொடங்கியது. குறைந்த செலவில் போட்டி வரை போக விரும்பும் குடும்பங்கள் இதைத் தயக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம்.

ரிகர்வ்: ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் எய்யப்படுவது. இதில் தொடக்க வில் என்பது மரக் கைப்பிடியும், கழற்றி மாட்டக்கூடிய இரண்டு லிம்புகளும் கொண்டது. கைப்பிடி அப்படியே இருக்க, எடை கூட்ட வேண்டும்போது லிம்பை மட்டும் மாற்றினால் போதும் என்பதால், வளரும் பிள்ளைக்கு இதுவே சிக்கனம். நாங்கள் இறுதியில் வாங்கியது 66 அங்குலம், 16 பவுண்டு, 6,800 ரூபாய். ஒரே துண்டாகச் செய்த வில்லை வாங்கினால் எடை கூட்டும்போது முழு வில்லையும் மாற்ற வேண்டியிருக்கும். உலோகக் கைப்பிடி, கார்பன் லிம்பு என்று போட்டித் தரத்துக்குப் போனால் முழுத் தொகுப்பின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்; ஓராண்டு முடியும் முன் அந்தப் பக்கமே பார்க்காதீர்கள்.

காம்பவுண்ட்: இதைத் தனியாக, பயிற்சியாளர் இல்லாமல் தொடங்க வேண்டாம். இழுப்பு நீளத்தை வில்லிலேயே பொருத்த வேண்டும். நாண் மாற்றவும் கப்பியைச் சரிசெய்யவும் அழுத்துக் கருவி தேவைப்படும். அந்தக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நாண் மாற்றுவதற்காக மட்டும் சென்னைக்குப் போய்வந்தார்.

ரிகர்வில் நீளம் முக்கியம். இழுப்பு நீளம் 24 அங்குலம் வரை உள்ளவர்களுக்கு 62 அல்லது 64 அங்குல வில், 24 முதல் 26 வரை 66, 26 முதல் 28 வரை 68, அதற்கு மேல் 70 என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் நீளமானதை எடுங்கள். நாங்கள் 66 எடுத்ததும் மகள் வளர்வாள் என்பதால்தான்.

பழைய வில்லை வாங்குவதில் தவறில்லை, ஆனால் நாண் ஏற்றாமல் காட்டும் வில்லை வாங்காதீர்கள். நாண் ஏற்றச் சொல்லி, பின்புறமிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நாண் இரண்டு லிம்புகளையும் நடுவில் பிளந்துகொண்டு போக வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் லிம்பு முறுக்கேறியிருக்கிறது. பிறகு லிம்பின் ஓரங்களில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் இடத்தில் பசை விட்டிருக்கலாம். அப்படிப்பட்டதை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

6. அம்பு

நான் அதிகம் தடுமாறியது இதில்தான். வில்லைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, அம்பைப் பத்து நிமிடத்தில் வாங்குகிறோம். நாணை விட்ட கணத்தில் அம்பு நேராகப் போவதில்லை, மீன் போல நெளிந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த நெளிவு வில்லின் விசைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அம்புத் தண்டின் விறைப்பை ஸ்பைன் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் பெரிதானால் தண்டு இளகியது; 1000 இளகியது, 500 விறைப்பானது. பெரிய எண்தான் வலுவானது என்று எண்ணி வாங்குவோர் உண்டு, பெரிய வில்லுக்கான அம்பே எல்லாவற்றுக்கும் போதும் என்று எண்ணி வாங்குவோரும் உண்டு.

நான் முதலில் வாங்கிய 12 அம்புகளும் 500. அவற்றின் முனையை மட்டும் மாற்றி மகளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு அம்பும் குறிக்கு இடப்புறம் ஒரு சாண் தள்ளிப் போய்த் தைத்தது. மூன்று வாரங்கள் அவள் நாணை விடும் விதத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை வேறொரு சிறுமியின் அம்புகளை வாங்கி எய்து பார்த்தாள்; ஆறும் நடுவில் குவிந்தன. வலக்கையால் இழுப்பவரின் அம்பு தொடர்ந்து இடப்புறம் போனால் தண்டு விறைப்பு அதிகம், தொடர்ந்து வலப்புறம் போனால் இளக்கம் அதிகம் என்பதை முதலில் சோதியுங்கள். அதன்பின் பிள்ளையைத் திருத்தலாம்.

அம்பின் நீளம் இழுப்பு நீளத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாகவே இருக்கட்டும். குட்டையான அம்பை முழுவதும் இழுத்தால் முனை, அம்பு அமரும் தாங்கியிலிருந்து நழுவி, வில் பிடித்திருக்கும் கைக்குள் வந்துவிடும். அந்த நிலையில் நாணை விட்டால் அம்பு கையில் பாயும். அக்காள் எய்த அம்பைத் தம்பிக்குக் கொடுக்கலாம், தம்பியின் அம்பை அக்காளுக்குக் கொடுக்கக் கூடாது.

கார்பன் அம்பு வாங்கினால் ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு முறை இலக்கிலிருந்து பிடுங்கியதும், இரு முனைகளையும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி வைத்து, லேசாக வளைத்து, தண்டைச் சுழற்றியபடி காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். நல்ல அம்பு சத்தமிடாது. விரிசல் விழுந்த அம்பு, காய்ந்த விளக்குமாற்றுக் குச்சியை மடக்கினாற்போல மெல்லிய நொறுங்கல் ஒலி தரும். சில சமயம் தலைமுடி போன்ற கோடு ஒன்று திறந்து மூடும். அந்த அம்பை அங்கேயே உடைத்து எறியுங்கள். விரிசல் விழுந்த தண்டு எய்யும் கணத்தில் பிளந்து, கையில் ஏறும். 250 ரூபாய் அம்பைக் காப்பாற்ற நினைத்துக் கையைப் பணயம் வைக்க வேண்டாம்.

எட்டு அம்புகள் போதும். எல்லாம் ஒரே ஸ்பைன், ஒரே நீளம், ஒரே முனை எடை உடையவையாக இருக்க வேண்டும். எங்களுக்கு எட்டுக்கும் சேர்த்து 2,000 ரூபாய் ஆனது.

7. சிறு பொருட்களைத்தான் முதலில் வாங்க வேண்டும்

இரவல் வில்லில் பயிலும் மாதத்திலேயே விரல் டேப் (நாணை இழுக்கும் விரல்களைக் காக்கும் சிறு துண்டு), முன்கைக் காப்பு, மார்புக் காப்பு மூன்றையும் சொந்தமாக வாங்குங்கள். எங்களுக்கு முறையே 450, 250, 400 ரூபாய். டேப் கையின் அளவுக்கு வர வேண்டும். விரல் நுனியைத் தாண்டி நீளும் டேப் நாணில் மாட்டும், ஓரத்தைக் கத்தரித்துக்கொள்ளலாம். முன்கைக் காப்பு நீளமானதாக இருக்கட்டும். நாண் அடித்த முன்கை இரண்டு நாளில் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிடும், அதன்பின் பிள்ளை பயந்து கையை மடக்கத் தொடங்கும், அந்தப் பயம் போக மாதக்கணக்கில் ஆகும்.

நாண் ஏற்றும் கயிறு 250 ரூபாய்தான். அதை வாங்காமல், காலுக்கு நடுவில் வில்லை வைத்து வளைத்து நாண் ஏற்றும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. லிம்பு முறுக்கேறுவதற்கு அதுவே முதல் காரணம். நழுவினால் லிம்பின் நுனி முகத்தில் அடிக்கும். நாணுக்குப் பூசும் மெழுகு 120, பை 900 ரூபாய். இவற்றோடு வில்லும் அம்பும் சேர்த்து எங்களுக்கு 11,170 ரூபாய் ஆனது. நான் வீணாக்கிய தொகையில் பாதிகூட இல்லை. குறிபார்க்கும் கருவி, முழு இழுப்பு வந்ததை ஒலியால் உணர்த்தும் கிளிக்கர், அதிர்வுக் கோல்கள் ஆகியவற்றைப் பயிற்சியாளர் கேட்கும் வரை வாங்காதீர்கள்.

8. ஆர்டர், பில், திருப்பி அனுப்புதல்

வில்வித்தைப் பொருட்களை மட்டும் விற்பவரிடம் வாங்குங்கள். இழுப்பு நீளத்தையும் கண்ணையும் திருப்பிக் கேட்காமல் வில்லை அனுப்புபவர் உங்களுக்குப் பொருத்தமானவர் அல்லர். பணம் அனுப்பும் முன் லிம்பில் உள்ள பவுண்டு எண்ணையும், வலக்கையா இடக்கையா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாண் ஏற்றிய வில்லைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்பது பல கடைகளின் நிபந்தனை. எனவே பெட்டியைத் திறப்பதைப் படம்பிடித்து, எண்களைச் சரிபார்த்து, அதன்பின் நாண் ஏற்றுங்கள். என் முதல் வில்லை நான் திறந்த உடனே நாண் ஏற்றிப் பார்த்துவிட்டேன்; விற்பனையாளர் அதையே காரணமாகக் காட்டித் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்.

வெளிநாட்டுத் தளங்களில் விலை குறைவாகத் தெரியும். அதன்மேல் அனுப்பும் செலவும், சுங்க வரியும், ஜிஎஸ்டியும் ஏறும். பொருள் சுங்கத்தில் நின்றுவிட்டால் உங்கள் அடையாள ஆவணங்களையும் கேட்பார்கள். முதல் வில்லுக்கு அது தேவையில்லை. உள்நாட்டில் எங்களுக்கு வில் ஒன்பது நாளிலும், அம்புகள் பதினாறு நாளிலும் வந்தன. தண்டை அளவுக்கு வெட்டி, இறகு ஒட்டி அனுப்புவதால் அம்புக்குக் கூடுதல் நாள் ஆகும், அதைக் கணக்கில் வைத்து ஆர்டர் செய்யுங்கள்.

9. எடுத்துச் செல்வதும் வைத்திருப்பதும்

பேருந்திலும் இருசக்கர வாகனத்திலும் போகும்போது வில்லைக் கழற்றி, மூடிய பையில் வைத்து, அம்பு முனைகளைக் குழலுக்குள் அடைத்துக் கொண்டு செல்லுங்கள். எல்லையில் ஆல்பேட்டையிலோ முள்ளோடையிலோ பையைத் திறந்து காட்டச் சொன்னால், வாங்கிய பில்லின் நகலும் பயிற்சி நிலையத்தின் கடிதமும் உள்ளே இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். விமானத்தில் கைப்பையாக அனுமதிக்க மாட்டார்கள், சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும்.

நம் ஊரில் கருவிக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு உள்ளவர்களின் சைக்கிளும் கம்பிக்கதவும் எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். லிம்பைப் பிடிக்கும் திருகாணிகளை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் வையுங்கள். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள்; மூங்கில் வில்லில் இது கட்டாயம், நாண் ஏறியபடியே கிடந்தால் அது வளைந்த வாக்கிலேயே தங்கிவிடும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை விட்டுவிட்டு மதிய உணவுக்குப் போகாதீர்கள், சூட்டில் லிம்பின் பசை விட்டுவிடும். மழைக்காலத்தில் பையை ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள்.

10. வில் வந்த முதல் நாள்

மொட்டை மாடியிலோ, கடற்கரையிலோ, முந்திரித் தோப்பிலோ எய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 16 பவுண்டு வில்லிலிருந்து தவறி மேலே போன அம்புகூட நூறு மீட்டரைத் தாண்டி விழக்கூடும், தோப்புக்குள் யார் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பி, ஒரே முறையில் அது உடையலாம். வீட்டுக்கு வரும் உறவினர்கள் வில்லைக் கையில் எடுத்ததும் முதலில் செய்வது இதைத்தான். ஆகவே நாண் ஏற்றிய வில்லைச் சுவரில் மாட்டிவைக்காதீர்கள்.

பயிற்சித் திடலுக்குக் கொண்டு போய், பயிற்சியாளர் முன்னிலையில் நாண் ஏற்றுங்கள். நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளியை, வில்லோடு வந்த தாளில் குறித்துள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் நாணை இறக்கிச் சில முறுக்குகள் கூட்டி மீண்டும் ஏற்ற வேண்டும். புதிய நாண் முதல் சில நாட்களில் சற்று நீளும் என்பதால், 50 அம்புகள் எய்த பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். பத்து மீட்டரில் தொடங்குங்கள். அம்பைப் பிடுங்கும்போது இலக்குக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, ஒரு கையால் பலகையை அழுத்தி, மறு கையால் பலகைக்கு அருகே தண்டைப் பிடித்து நேராக இழுக்கச் சொல்லிக்கொடுங்கள். என் மகள் அன்று முதன்முறையாகப் பிடுங்கிய அம்பை, யாரும் சொல்லாமலேயே, முகத்திலிருந்து தள்ளி வைத்து வளைத்து, காதைக் கொடுத்துக் கேட்டாள்.